கண்காணியும் கங்காணியும்: ஒரு சொல் கெட்டுப்போன வரலாறு

தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கும் கூடலூரில் ஒரே சொல் இரண்டு எழுத்துக்கூட்டலோடு புழங்குகிறது. கடைத்தெருவிலும் குமுளிச் சாலையிலும் தொங்கும் பலகைகளில் ‘இப்பகுதி கேமரா மூலம் கண்காணிக்கப்படுகிறது’ என்றிருக்கும். அதே சாலையில், விடிவதற்கு முன் ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பும் ஜீப்பின் பக்கம் நின்று தலையை எண்ணுகிறவருக்குப் பெயர் கங்காணி. முன்னது அரசாங்கத் தமிழ். அதன் மதிப்புக்குக் குறைவில்லை. பின்னதில் ஒரு நக்கல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தான் உட்கார்ந்த இடத்தில் இருந்துகொண்டு அடுத்தவரை ஏவுகிறவன் வீட்டில் ‘பெரிய கங்காணி’ ஆகிறான். அரசியல் மேடையில் ஒருவரை ‘டெல்லியின் கங்காணி’ என்றால் அது கேலியைத் தாண்டி வசையாகிவிடும்.

‘ண்’ என்பது ‘ங்’ ஆனதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. அடுத்து வரும் ககரம் தனக்கு முன்னிருக்கும் மூக்கொலியைத் தன் இடத்துக்கு இழுத்துக்கொள்வது பேச்சின் இயல்பு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் கங்காணியைக் கண்காணியின் திரிபாகவே காண்கிறது. ஒலி திரிந்தது வாயின் வேலை. மதிப்பு திரிந்தது எப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மேற்பார்வை பார்த்ததால் இந்தச் சொல் கெடவில்லை, முன்பணம் கொடுத்ததால் கெட்டது என்பது என் துணிபு.

சொல்லின் பிறப்பு நல்ல இடத்தில்தான். திருமந்திரத்தில் திருமூலர் கண்காணி என்று சொல்வது இறைவனை. பார்க்க ஆளில்லை என்று எண்ணித் திருட்டு வேலை செய்கிறவர்களுக்கு அவன் பார்க்காத இடமே இல்லை என்று உணர்த்தும் பாட்டு அது; ஒரே பாட்டில் திரும்பத் திரும்ப இந்தச் சொல் வரும். சோழர் காலக் கல்வெட்டுகளில் கண்காணி கோயில் நிருவாகத்துக்குள் வந்து நிற்கிறார். பொன்னும் நெல்லும் விளக்கெண்ணெயும் கணக்குப்படி செலவாகின்றனவா என்று பார்க்கும் அதிகாரி அவர். கண்ணால் காண்பது, கண்டதற்குச் சாட்சியாக நிற்பது: அந்தக் காலத்துக் கண்காணியின் வேலை இவ்வளவுதான். யாருக்கும் அவர் கடன் கொடுக்கவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பிறகு நடந்தது விளங்கும்.

ஒப்புநோக்க அயர்லாந்தின் கொச்சைச் சொல் ஒன்றை இங்கே கொண்டுவருகிறேன்: ‘கோம்பீன்’. ஐரிஷ் மொழியில் ‘கம்பீன்’ என்பது போல ஒலிக்கும் சொல்லுக்கு வட்டி, அதிலும் கடுவட்டி என்று பொருள். அது ஆங்கிலத்துக்குள் போய், கடுவட்டிக்காரனைக் குறிக்கும் ‘கோம்பீன் மனிதன்’ ஆயிற்று. லத்தீனில் பணமாற்றைக் குறிக்கும் ‘காம்பியும்’ என்ற சொல்லின் உறவுக்கூட்டத்தில் இதையும் சேர்ப்பவர்கள் உண்டு. (கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து எழுதுகிறவனுக்குக் கை அரிக்கத்தான் செய்கிறது. ஆனால் கம்பத்துக்கும் கம்பீனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒலி ஒத்துவிட்டதாலேயே உறவு கொண்டாடினால் சொல்லாராய்ச்சி சந்தி சிரித்துவிடும்.)

1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அந்த நாட்டில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டனர். அதே அளவு மக்கள் கப்பலேறினர். கிராமத்துக் கடைக்காரன் மாவையும் விதையையும் கடனாகக் கொடுத்தான். எழுதப் படிக்கத் தெரியாத குடியானவனின் கணக்கு அவன் நோட்டில்தான் இருந்தது. அறுவடை முடிந்ததும் விளைச்சல் நேராக அவன் கடைக்குப் போனது. நிலப்பிரபு பல இடங்களில் ஊரிலேயே இல்லை, கண்ணுக்குத் தெரியாதவன். கோம்பீன் மனிதனோ அதே ஊர்க்காரன். அதே தேவாலயத்தில் ஞாயிறுதோறும் மண்டியிடுகிறவன், ஒருவேளை தூரத்து உறவினனும்கூட. டிராகுலாவை எழுதிய பிராம் ஸ்டோக்கர் 1890இல் வெளியிட்ட ‘தி ஸ்னேக்ஸ் பாஸ்’ நாவலில் வில்லனே ஒரு கோம்பீன் மனிதன்தான். வட்டிக்கடைகள் மறைந்த பின்னும் சொல் மறையவில்லை. தொகுதிக்குச் சில்லறைச் சலுகை வாங்கிக் கொடுத்துத் தன் பையையும் நிரப்பிக்கொள்ளும் அரசியல்வாதியை இன்றைக்கும் அந்த நாட்டுக்காரர்கள் கோம்பீன் என்றே ஏசுகிறார்கள்.

கோம்பீன் பணத்திலிருந்து கிளம்பி மனிதனிடம் வந்து சேர்ந்த சொல். கங்காணி கண்ணிலிருந்து கிளம்பிப் பணத்திடம் போய்ச் சேர்ந்த சொல். புறப்பட்ட இடம் வேறானாலும் இரண்டும் வந்து நின்ற இடம் ஒன்றுதான்: பஞ்சத்தில் அடிபட்டவனுக்கும் எட்டாத உயரத்தில் இருந்த முதலாளிக்கும் நடுவில் நின்ற சொந்த ஊர்க்காரன்.

அந்த இடத்துக்குக் கங்காணி எப்படிப் போனார் என்பதற்கு இலங்கைக்குத்தான் போக வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கண்டிச் சீமையில் காப்பித் தோட்டங்கள் எழுந்தபோது மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், சேலம் பக்கங்களிலிருந்து ஆட்கள் குழுக் குழுவாகப் போனார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். குழுவுக்கு முன்னே நடந்தவர்தான் கங்காணி. வழி தெரிந்தவர், முன்பு ஒருமுறை போய்வந்தவர் என்பதுதான் தொடக்கத்தில் அவருக்கிருந்த தகுதி. 1869இல் இலைத்துரு நோய் தாக்கிக் காப்பி அழிந்து தேயிலை வந்தது. காப்பிக்குப் பருவத்தில் ஆள் இருந்தால் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுக்கக் கொழுந்து கிள்ள வேண்டும். போய்த் திரும்பிய கூட்டம் குடும்பத்தோடு லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் தங்கியது. வழிகாட்டியாக இருந்த கங்காணி, அந்தக் குடும்பங்களின் கடனையெல்லாம் கையில் வைத்திருக்கும் ஆளாகிவிட்டார்.

இந்த ஏற்பாடு நடந்த விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். தோட்டத்தை நடத்தும் துரை கங்காணியிடம் முன்பணம் கொடுப்பார். கங்காணி பட்டு உருமாலும் கோட்டும் கடுக்கனுமாகச் சொந்த ஊருக்கு வருவார். 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் போன்ற காலங்களில் அவருடைய அந்தத் தோற்றமே பாதி வேலையை முடித்துவிடும். பழைய கடனை அடைக்க, மகளுக்குக் கல்யாணம் செய்ய, வழிச்செலவுக்கு என்று அவர் கொடுத்த ரூபாய் தொழிலாளியின் பேரில் பற்று எழுதப்படும். தோட்டத்துக்குப் போன பிறகு அரிசியும் கம்பளியும் அந்தப் பற்றில் ஏறும். கூலி பல இடங்களில் கங்காணி கை வழியாகவே வந்ததால், தொழிலாளி தன் சம்பளத்தை முழுதாகக் கண்ணால் பார்ப்பதே அரிது. வேலைக்கு வந்த ஒவ்வொரு பேருக்கும் நாளுக்கு இவ்வளவு என்று தோட்டம் கங்காணிக்குத் தனியாக ஒரு தொகை கொடுத்தது. ‘பென்ஸ்’ என்று ஆங்கில நாணயத்தின் பெயராலேயே இலங்கை மலையகத்தில் அதைச் சொன்னார்கள். ஆள் சுகமில்லாமல் லயத்தில் படுத்தால் கங்காணிக்கு அன்றைய பென்ஸ் போயிற்று. எனவே படுத்தவரை எழுப்புவதும் அவர் வேலையாயிற்று. மழையால் பாதி நாளில் வேலை நின்றால் ‘அரைப்பேர்’ போட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாகத் ‘துண்டு’. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் குழுவை மாற்றும்போது, ‘இவ்வளவு கடனைக் கட்டினால் இத்தனை பேரை விடுவிக்கிறேன்’ என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதத் துண்டு அது. ஆங்கிலச் சட்ட ஏடுகளும் வேறு சொல் தேடாமல் ‘துண்டு’ என்றே எழுதின. அதைக் கையில் வைத்துக்கொண்டு கங்காணிகள் ஒரு தோட்டத்துக்கும் மற்றொன்றுக்கும் இடையே விலை பேசினார்கள். ஒவ்வொரு மாற்றலிலும் கடன் ஏறியது. தொழிலாளிக்குத் தன் பேரில் எவ்வளவு இருக்கிறது என்றே தெரியாது. இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றவர்களின் முயற்சிக்குப் பிறகு 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

மலாயாவிலும் இதே முறை ரப்பர்க் காட்டுக்குள் புகுந்தது. 1907இல் அங்கே ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, வழிச்செலவைத் தோட்ட முதலாளிகளின் பொதுப் பொறுப்பாக்கி, கங்காணியின் கடன் பிடியைக் கொஞ்சம் தளர்த்தியது. 1938இல் இந்திய அரசு உதவி பெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை மலாயாவுக்குத் தடை செய்தது. அடுத்த ஆண்டு இலங்கைக்கும் தடை வந்தது.

இத்தனையும் சேர்ந்துதான் அந்தச் சொல்லைக் கெடுத்தது என்பதற்கு எதிர்ச் சான்றுகளே நல்ல சாட்சி. இலங்கையிலேயே, சிங்களத்தில் ‘கங்காணம’ என்ற வடிவம் உண்டு. கரையோரப் பகுதிகளில் அது ஒரு சிறு தலைமைப் பதவி. ‘கங்காணம்கே’ என்றால் கங்காணத்தின் வீட்டார். இன்றைக்கும் ஆயிரக்கணக்கான சிங்களக் குடும்பங்கள் அதைக் குடும்பப் பெயராகத் தயக்கமில்லாமல் வைத்திருக்கின்றன. தமிழிலிருந்து போன அதே சொல் அங்கே முன்பணத்தோடு சேரவில்லை, கௌரவமும் போகவில்லை. தமிழ்நாட்டில் 1956இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்து அலுவலகத் தமிழ் உருவானபோது, பழைய எழுத்துக்கூட்டல் மூட்டை அவிழ்த்து எடுக்கப்பட்டது: காவல் கண்காணிப்பாளர், தேர்வறைக் கண்காணிப்பாளர், கண்காணிப்புப் பொறியாளர். கங்காணிப்பாளர் என்று எழுதியிருந்தால் ஒருவரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. தோட்டத்துத் துரையின் ஆங்கிலப் பதவிப்பெயர் ‘சூப்பரின்டெண்டெண்ட்’. அலுவலகத் தமிழில் அதற்கு நேர் சொல் கண்காணிப்பாளர். ஆக, அகராதிப்படி பார்த்தால் தோட்டத்தின் உண்மையான கண்காணி துரைதான். ஆனால் அவருக்குக் கிடைத்தது பாளையக்காரருக்கும் அரசருக்கும் உரிய ‘துரை’. அவருக்கு இரண்டு படி கீழே மழையில் நின்றவருக்குக் கிடைத்தது கங்காணி. ஏச்சு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர் மேல்தான் விழுந்தது. மலையக நாட்டார் பாடல்களில் கங்காணியைக் கிண்டல் செய்யும் பாட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை.

கம்பம் பள்ளத்தாக்குக்கு வருவோம். கடல் தாண்டாமலே கங்காணி முறை நடந்த இடம் மேற்குத் தொடர்ச்சி மலை. 1877இல் பூஞ்ஞாறு அரசரிடம் ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளை உரிமை பெற்ற பிறகு மூணாறு தோட்டங்களுக்குப் போடி வழியாக ஆள் ஏறியது. தெற்கே ஏலமலைக்குப் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று வாசல்கள். மூன்றாவது வாசலின் அடியில் இருப்பது கூடலூர். 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணைக்காக ஆட்கள் முகாமிட்ட இடம் இன்னும் லோயர் கேம்ப்தான். அதற்குத் தமிழ்ப் பெயர் வைக்க யாரும் மெனக்கெடவில்லை. சமவெளியில் பெரியாற்றுத் தண்ணீர் இருபோக நெல்லையும் பிறகு பன்னீர் திராட்சையையும் விளைவித்தது. ஆனால் நிலமில்லாதவருக்கு ஆண்டு முழுக்க வேலை மலை மேலேதான்.

சென்னை மாகாணத்துத் தோட்டங்களில் சட்டமும் கங்காணியின் பக்கம் நின்றது. 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டமும், 1903ஆம் ஆண்டின் சென்னைத் தோட்டத் தொழிலாளர் சட்டமும், முன்பணம் வாங்கியவர் வேலையை விட்டு ஓடினால் அதைக் குற்றமாக்கின. கடன் வாங்கியவன் கட்டாவிட்டால் வழக்கமாக உரிமையியல் வழக்குத்தான். தோட்டக் கூலிக்கோ சிறை. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் இந்த வாழ்க்கையை 1969இல் ‘ரெட் டீ’ என்ற ஆங்கில நாவலாக எழுதினார். இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று அதைத் தமிழாக்கினார். 2013இல் அந்த நாவலைத் தழுவிப் பாலாவின் ‘பரதேசி’ படம் வந்தது. தோட்டத்தையே பார்த்திராத ஒரு தலைமுறைக்குக் கங்காணி என்றால் அந்தப் படத்தின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. அந்த வகையில் சொல்லின் வசைப் பொருளைச் சினிமா இன்னும் கெட்டிப்படுத்திவிட்டது.

கூடலூர் என்ற பெயரில் தமிழ்நாட்டில் இன்னொரு தோட்ட ஊரும் இருக்கிறது, நீலகிரியில். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்கள் அங்கே அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினார்கள். அந்தக் கூடலூருக்குக் கங்காணி கடலைத் தாண்டிப் போய், நினைவாகத் திரும்பி வந்த சொல். நம் கூடலூரில் அது எங்கும் போகவில்லை. நாள்தோறும் மலையேறி இறங்குகிற தொழிலின் பெயர். நீலகிரி–வயநாடு பக்கத்தில் இதே வேலையைச் செய்தவரை மேஸ்திரி என்றார்கள். அது போர்த்துகீசிய மொழியில் ஆசானைக் குறிக்கும் ‘மெஸ்த்ரே’யிலிருந்து வந்தது. மேஸ்திரிக்கு இவ்வளவு கெட்ட பெயர் வராததற்குக் கொத்தனார் மேஸ்திரி காரணமாக இருக்கலாம். வீடு கட்டுகிறவன் ஒருவன் அந்தச் சொல்லுக்குள் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறான். கங்காணிக்கு அப்படி ஒரு பங்காளி வாய்க்கவில்லை.

1956 நவம்பர் 1ஆம் தேதி மலை மேலிருந்த தேவிகுளம், பீருமேடு தாலுகாக்கள் கேரளத்தோடு போயின. எல்லைக்கோடு விழுந்தது, வேலைக்குப் போவது நிற்கவில்லை. இன்றைய நடைமுறை இது: முதல் நாள் மாலையே எஸ்டேட்டிலிருந்து செய்தி வந்துவிடும், காய் எடுப்புக்கு இத்தனை ஆள், மருந்தடிக்க இத்தனை ஆள் என்று. கங்காணி அத்தனை பேரையும் சொல்லி வைப்பார். இருட்டோடு எழுந்து சோறாக்கித் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு வரும் பெண்கள், இடுப்பில் கட்டப் பிளாஸ்டிக் சாக்கும் சுருட்டிய மழைத்தாளுமாக ஜீப்பில் அடைந்துகொள்வார்கள். ஏலச்செடியின் காய் கிளையில் காய்க்காது. தூரிலிருந்து தரையோடு தரையாக ஓடும் சரத்தில் காய்க்கும். குனிந்தும் குந்தியும் முற்றியதை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். பிஞ்சைக் கிள்ளினால் கங்காணியின் குரல் உயரும். எடுத்த காய் உலர்த்த ‘ஸ்டோருக்கு’ப் போகும், ஆட்கள் இருட்டுவதற்குள் கீழே இறங்குவார்கள். கங்காணிக்கு ஆள் கணக்கில் ஒரு தொகை. சில இடங்களில் ஜீப்பும் அவருடையதே. அளவுக்கு மீறி ஆள் ஏற்றி, மலை வளைவில் கவிழ்ந்த ஜீப்புகளின் செய்தி இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல.

இவர் பழைய கங்காணியா? பாதிதான். லயம் இல்லை, துண்டு இல்லை. பிடிக்காவிட்டால் மறுநாள் வேறு ஜீப்பில் ஏறிக்கொள்ளலாம். ஆள் கூட்டிப் போகிறவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். காய் எடுப்பில் கூடவே குனிந்து வேலை செய்துவிட்டுக் கணக்கும் எழுதுகிறவர்கள் அவர்கள். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்திலோ நோய்நொடியிலோ அவரிடம் கைமாற்று வாங்குவது மட்டும் விட்டுப்போகவில்லை. அந்தக் கைமாற்று எவ்வளவு பெரிதோ அவ்வளவு தூரம் சொல்லின் தொனியும் மாறுவதைக் காது உள்ளவர் கேட்கலாம். ஜீப் பக்கத்தில் நேருக்கு நேர் ‘கங்காணி, நாளைக்கு வரலை’ என்பதில் மரியாதைக்கும் நக்கலுக்கும் நடுவே ஏதோ ஒன்றுதான் இருக்கிறது. அவர் காதுக்கு எட்டாத தூரத்தில், வாங்கிய பணத்துக்காக வலிக்கிற காலோடு மலையேற வேண்டியவர் வாயில் அதே சொல் வேறாக ஒலிக்கும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை முற்றி எல்லை அடைபட்டு, மலை வேலைக்குப் போக முடியாமல் மக்கள் வீட்டில் கிடந்தபோது, அடுப்பெரிய யாரிடம் போனார்கள் என்று கேட்டாலும் பதிலில் இந்தச் சொல் வரும். அப்போது அதில் வசை இருக்காது.

எனவே கங்காணியை வெறும் வில்லனாக எழுதிவிட்டு நகர்ந்தால் வரலாறு ஒத்துக்கொள்ளாது. இலங்கைத் தோட்டங்களில் தொழிற்சங்கம் கட்டிய கோ. நடேசய்யர் கங்காணிகளை எதிர்த்தே 1931இல் தன் சம்மேளனத்தை நடத்தினார். கங்காணிகளும் அவரைச் சும்மா விடவில்லை. ஆனால் பின்னாளில் மலையகத்தின் மிகப் பெரிய சங்கத்துக்குத் தலைவராக விளங்கிய சௌமியமூர்த்தி தொண்டமானின் தந்தை கருப்பையா, கங்காணியாக இருந்து வேவண்டன் தோட்டத்தை விலைக்கு வாங்கியவர். நடுவில் நின்றவனின் பிள்ளையே தொழிலாளியின் தலைவனாவதும், தொழிலாளியின் தலைவனே மறுபடி நடுவில் நிற்பவனாவதும் தோட்ட வரலாற்றில் மாறி மாறி வருகின்றன.

அயர்லாந்தில் கோம்பீனை ஏசியதோடு நிற்காமல் அவனுடைய கடைக்கு மாற்றாக ஒரு கடையைத் திறந்தார்கள். ஹோரேஸ் பிளங்கெட் 1894இல் வேளாண் கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார். 1906இல் டொனிகோல் மாவட்டத்தின் ஏழைக் குடியானவர்கள் டெம்பிள்குரோனில் சொந்தமாகக் கூட்டுறவுக் கடை வைத்து, வட்டிக் கடைக்காரரிடமிருந்து உரத்தையும் மாவையும் மீட்டார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் ஆள் கூட்டும் வேலையைத் தொழிலாளர்களே கூட்டாக எடுத்து நடத்தும் ஏற்பாடு நிலைபெறவில்லை.

மூணாறில் 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் நடுவில் நிற்பவரை விலக்குவதற்குப் பக்கத்தில் வந்தார்கள். 20 விழுக்காடு போனஸ் கேட்டுக் கண்ணன் தேவன் நிறுவனத்துக்கு எதிராகச் சாலையில் உட்கார்ந்தவர்கள், ஆதரவு சொல்ல வந்த தங்கள் தொழிற்சங்கத் தலைவர்களையே விரட்டினார்கள். 9 நாள் முடிவில் போனஸும் கருணைத்தொகையுமாக 20 விழுக்காடு கிடைத்தது. ‘பெம்பிளை ஒருமை’ என்று அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் தமிழும் மலையாளமும் கலந்தது. அந்தச் சாலையில் அவர்கள் கேட்ட கூர்மையான கேள்வி நிறுவனத்தை நோக்கியதல்ல, இத்தனை காலம் எங்களுக்காகப் பேசிய நீங்கள் யாருடைய ஆள் என்பதுதான்.